ஸ்டோருக்குத் தீ வைக்கப் போன ஐந்து பேர்

அப்போது எனக்கு இருபது வயது. வட்டவளைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில், வேலைக்குப் பெயர் பதியப்படாத இளைஞர்கள் ஐந்து பேர் ஒன்றாகத் திரிந்தோம். கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டிக்கொள்வோம். அடுத்த தோட்டத்து இளைஞர்களோடு சண்டைக்குப் போவோம். அடிபட்டு வந்தவனுக்கு அன்றைக்கு ராஜ மரியாதை. வீட்டில் தண்டச்சோறு என்று பெயர் வாங்கியவனுக்கு அந்த மரியாதை எவ்வளவு பெரிது என்பது எனக்குத் தெரியும்.

எங்களில் மூத்தவன்தான் தலைவன். வேலை கேட்டு, தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவுக்குப் போன அவனை ஒருநாள் நாயை ஏவி விரட்டினார்கள். திரும்பி வந்தவன், "ஞாயித்துக்கெழம ஸ்டோருக்குத் தீ வைக்கிறோம்" என்றான். தேயிலைத் தொழிற்சாலையைத்தான் ஸ்டோர் என்போம். எல்லோரும் தலையாட்டினோம். எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் மற்ற நால்வர் முகத்திலும் பயம் தெரியவில்லை. நான் மட்டும் கோழையாவதா?

ஞாயிற்றுக்கிழமை பகலில் ஆற்றோரப் பாறையில் கூடினோம். மண்ணெண்ணெய் டின்னை நான்தான் வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தேன். அதைத் தேடிக்கொண்டு என் அக்கா அங்கேயே வந்துவிட்டாள். அவள் அந்த ஸ்டோரில்தான் தேயிலைத் தூள் சலிக்கும் வேலை செய்தாள். என்னிடமிருந்து விஷயத்தைக் கறக்க அவளுக்கு அதிக நேரமாகவில்லை. திட்டாமல் பாறையில் உட்கார்ந்து, ஒவ்வொருவனையும் தனித்தனியாகக் கேட்டாள்.

"மத்தவங்கள விடு. ஒனக்கு இதச் செய்யணும்னு இருக்கா?"

"எல்லாரும் வர்றாங்கன்னுதான்..." என்றான் முதலாமவன். அடுத்த இருவரும் அதையேதான் சொன்னார்கள். நானும் அதையேதான் சொன்னேன்.

கடைசியில் தலைவனைப் பார்த்தாள். அவன் தலை குனிந்தான்.

"கோவத்துல சொல்லிட்டேன்க்கா. இவனுங்கள்ல ஒருத்தனாச்சும் வேணாம்னு சொல்லுவான்னு பாத்தேன்."

அதைக் கேட்டதும் ஒருவனுக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"நாய ஏவிவிட்டதக் கேக்கத்தான் வேணும். ஆனா ஸ்டோரு எரிஞ்சா தொரைக்கு வேற தோட்டம் இருக்கு. நாங்க எங்க போறது?"

மறுநாள் காலை எல்லோரும் வேலைக்குக் கூடும் பெரட்டில் அவளே பெண்களைப் பேசிச் சேர்த்தாள். எங்கள் பெயரைப் பதியும்வரை கொழுந்துக் கூடையைத் தொடுவதில்லை என்று உட்கார்ந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் பதிந்தார்கள்.

ஐந்து பேருக்கும் ஒரே மலையில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் வேலை. மழையில் நனைந்தபடியே வெட்டுவோம், பாடுவோம். எங்கள் கூட்டு அப்படியே இருந்தது, சண்டைக்குத்தான் போகத் தோன்றவில்லை. அந்த வருஷம் தோட்டத்துத் திருவிழாவான காமன் கூத்துக்கு அடுத்த தோட்டத்துக்காரர்களையும் கூப்பிட்டோம். முன்பொரு சண்டையில் நான் மூக்கை உடைத்தவன் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். அவன் மூக்கு இன்னும் கொஞ்சம் கோணல்தான். "இப்பத்தான் கொஞ்சம் அழகா இருக்கேனாம், வீட்டுல சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான்.