மெஷின் சத்தம் குறைந்துவிட்டதாகச் சொன்ன ஆறுமுகம் அண்ணன்

ஆறுமுகம் அண்ணன் போய்விட்டார். இன்று விடிகாலை, தானா ராத்தா ஆஸ்பத்திரியில். மகள் போனில் சொன்னாள். நாளை காலை லைன் வீட்டிலிருந்து எடுக்கிறார்கள்.

தெரியாதவர்களுக்கு... எங்கள் எஸ்டேட் பேக்டரியில் தேயிலையை உருட்டுகிற மெஷினை முப்பது வருஷம் ஓட்டியவர். நான் அங்கே கிராணி, ஆபீஸ் கணக்கப்பிள்ளை. லீவு பாரம் நிரப்புவதும் ரிப்போர்ட் எழுதுவதும் என் வேலை.

மெஷின் சத்தத்தைக் கேட்டே எங்கே தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

அப்படிப்பட்டவர் ஒருநாள் ஆபீஸுக்கு வந்தார்.

"தம்பி, மெஷின் சத்தம் கொறைஞ்சிருச்சு. பேரிங் போச்சுன்னு எழுது."

எழுதினேன். ஈப்போவிலிருந்து மெக்கானிக் வந்து அரைநாள் கழற்றிப் பார்த்தார். ஒன்றுமில்லை. அடுத்த மாதம் அண்ணன் மறுபடியும் வந்தார், சத்தம் இன்னும் குறைந்துவிட்டதாம். மெக்கானிக்கும் மறுபடியும் வந்தார்.

"மெஷின் புதுசு மாதிரி ஓடுதுலா அண்ணே" என்றார் பாவம். அண்ணன் முறைத்த முறைப்பில் டூல்ஸைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த நாட்களில் வேலை முடிந்து சங்கு ஊதினாலும் அண்ணன் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்பார். என்ன உழைப்பு என்று மேனேஜர் மீட்டிங்கில் பாராட்டினார். எல்லாரும் கை தட்டினோம். அண்ணனும் சுற்றிப் பார்த்துவிட்டு, எதற்கென்றே தெரியாமல், கடைசியாகத் தட்டினார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மெஷினுக்கு ஒன்றுமில்லை. இவருக்குத்தான் காது கேட்கவில்லை.

நேரே சொல்லப் பயம். அந்த மெஷினைவிட்டு இறக்கினால் மனிதர் உடைந்துபோவார். ஆனால் காது கேட்காத ஆள் அங்கே நின்றால் ஒருநாள் கை போய்விடும்... மேனேஜரிடம் ரகசியமாகச் சொன்னேன்.

மேனேஜர் சொல்லி, காதைக் காட்டத்தான் அண்ணனும் நானும் டவுனுக்குப் போனோம். டாக்டரம்மா ரத்தமும் எடுத்துப் பார்த்தார். சீனி எக்கச்சக்கம்.

"காது கெட்டதுக்கு மெஷின் சத்தம் மட்டும் காரணம் இல்லைங்க. இனிப்பு நீர் கண்ணு, கால் மாதிரி காதையும் பாதிக்கலாம். உள்ளே இருக்கிற சின்ன ரத்தக் குழாயும் நரம்பும் கெட்டுப்போகும்."

அண்ணன் நம்பவே இல்லை. "நான் சீனிய வாயிலதான டாக்டர் போட்டேன்?"

பிறகு மருந்து, பத்தியம், காது மெஷின். பேக்டரியில் நாங்கள் எல்லாரும் சத்தம் கேட்காமலிருக்கக் காதை அடைத்துக்கொண்டு திரிந்தோம். இவர் ஒருவர்தான் கேட்பதற்காக மாட்டிக்கொண்டு திரிந்தார். அதுவும் பாதி நாள் சட்டைப்பையில்தான் இருக்கும்.

அண்ணனைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"எவனோ மேனேஜர்கிட்ட போட்டுக்குடுத்துட்டான்லா. அந்த மெக்கானிக்காத்தான் இருக்கும்."

என் தட்டில் முறுக்கை வைத்துக்கொண்டே என்னிடம் சொல்வார். நான் முறுக்கை நொறுக்கிக்கொண்டே இருப்பேன்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் வீட்டுக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக, "நான்தாண்ணே சொன்னேன், மன்னிச்சிருங்க" என்பேன். ஒட்டி ஒட்டி இருக்கிற வீடுகள், சத்தமாகச் சொன்னால் லைன் முழுக்கக் கேட்கும். அண்ணன் தலையாட்டிவிட்டு மழையைப் பற்றிப் பேசுவார்.

ஐந்து வருஷம் இப்படியே. நானும் சொல்லியாயிற்று என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுவேன். வெட்கக்கேடு.

போன வாரம் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். குளிருக்குக் கம்பளிக் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டிருந்தார். இதுதான் கடைசி என்று எனக்குத் தெரிந்திருந்தது. வழக்கம்போல மெதுவாக ஆரம்பித்தேன்.

"போதும்லா தம்பி. மொத தீபாவளியே கேட்டுச்சு, காது மெஷின் மாட்டித்தான் இருந்தேன். சத்தமா சொல்ல ஒனக்கு எப்ப தைரியம் வருதுன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

சிரித்தார். நான் அழுதுவிட்டேன். அப்போதும் சத்தமாகச் சொல்லவில்லை, வார்டில் ஆட்கள் இருந்தார்கள்...

மேனேஜரிடம் சொன்னது நான்தாண்ணே. எஸ்டேட்டே பார்க்கிற மாதிரி இங்கே எழுதிவிட்டேன்.

போய்ட்டு வாங்க.