பூட்டிய நீதிமன்றத்தில் அம்மா

எனக்கு ஒன்பது வயதில் எங்கள் வகுப்பை ஒரு சிற்றூருக்குக் கூட்டிப்போனார்கள், பழைய நீதிமன்றம் பார்க்க. பிள்ளைகளோடு வர இரண்டு பெற்றோர் தேவை என்று கடிதம் வந்தது. பாடசாலைப் பக்கமே எட்டிப் பார்க்காத அம்மா, நீதிமன்றத்தைக் குறிக்கும் 'திரிபுனால்' என்ற பிரெஞ்சுச் சொல்லைக் கண்டதும் கையெழுத்துப் போட்டுவிட்டார். பிரெஞ்சுத் தலைநகரின் மார்க்ஸ் டோர்மோய்ப் பகுதியில் அம்மாவும் நானும் வாடகைக்கிருந்த ஒற்றை அறையில் அந்தச் சொல்லுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்பட்டதில்லை.

எங்கள் அகதி விண்ணப்பம் அப்போதுதான் நிராகரிக்கப்பட்டிருந்தது. "எல்லாத்தையும் கதைச்சனான்" என்று அம்மா சொன்னதை, யாழ்ப்பாணத் தமிழ் பழகாத மொழிபெயர்ப்பாளர் "நான் கதை சொன்னேன்" என்று பிரெஞ்சில் ஆக்கிவிட்டார். எங்களுக்குக் கதைப்பதென்றால் பேசுவது. பிரெஞ்சில் கதை சொல்வதென்றால் புளுகுவது. இதை யாரிடம் போய் விளக்க?

பயண நாளன்று அம்மா கலியாண வீட்டுச் சேலை கட்டி, விண்ணப்ப ஃபைலையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். அது மூடிய நீதிமன்றம் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! விளங்கவில்லையாக்கும் என்று எனக்கு மானம் போனது. இன்று யாராவது அதைச் சொல்லிச் சிரித்துப் பார்க்கட்டும்!

அந்த ஊர் ஒருகாலத்தில் மாவட்டத்தின் தலைநகராம். பிறகு அந்தப் பெருமையைப் பிடுங்கிப் பக்கத்து ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள். நீதிபதிகளும் போய்விட்டார்கள். கடைசியில் கட்டடத்தை இடித்துக் கார் நிறுத்த இடம் எடுக்கப் பார்த்தபோது, ஊர்ச் சனம் அதன் படிக்கட்டில் குந்திவிட்டது. மழைக்கும் எழும்பவில்லை. வழிகாட்டிப் பெண் சொன்னதை நான் தமிழில் சொல்லச் சொல்ல, அம்மா தலையாட்டிக்கொண்டே வந்தார்.

"எழும்பேல்லையோ? நல்ல சனம்."

உள்ளே நீதிபதியின் நாற்காலியும் சாட்சிக்காரர் நிற்கும் மரத் தடுப்பும் மெழுகு பூசிப் பளபளத்தன. யார் சாட்சியாக நடிக்கிறீர்கள் என்று வழிகாட்டி எங்களைக் கேட்டார். ஒருவரும் கை தூக்குமுன் அம்மா தடுப்பருகே போய் நின்றார்.

"என்ரை தம்பியை வீட்டு வாசல் படலையிலை வைச்சு ஆமி பிடிச்சுக்கொண்டு போனது. வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தவன். நான் கண்டனான். நான் கதை விடேல்லை, கண்டதைத்தான் கதைக்கிறன். எங்கை நிண்டும் கதைப்பன்."

குரல் நடுங்கவேயில்லை. வகுப்பே வாயைப் பிளந்து பார்த்தது. உன் அம்மா என்ன சொல்கிறார் என்று வழிகாட்டி என்னைக் கேட்டார். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. கட்டடம் வடிவாயிருக்கிறதாம் என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

திரும்பும் ரயிலில் அம்மாவோடு சண்டை பிடித்தேன்.

"அங்கை நீதிபதியே இல்லை அம்மா! எத்தினை தரம் சொன்னனான்?"

"அது எனக்குத் தெரியாதோ?" என்றார் அம்மா.

தெரிந்துகொண்டே வெறும் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றவர்மேல் எனக்குக் கோபம் இன்னும் கூடியது. வீடு வரும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு மாமா இருந்தார் என்பதையே அன்றுதான் முதன்முதலாகக் கேட்டிருந்தேன். அந்த மண்டபத்தில் தமிழ் விளங்கக்கூடியவள் நான் ஒருத்திதான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.