செல்வி கட்டிய கண்மாய்

பாளையம்பட்டியில், மகன் வீட்டுக் குழாயடியில் மூன்று வயதுப் பேத்தி மண்ணைக் குழைத்துக்கொண்டிருந்தாள். ஈரக் கரிசல் வாசம் மூக்கில் ஏறியதும் நான் நரிக்குடிப் பக்கத்து எங்கள் ஊருக்குப் போய்விட்டேன்.

என் தங்கை செல்விக்கு அப்போது ஐந்து வயது. மழை விட்டதும் வாசலில் கையகலக் கண்மாய் ஒன்று கட்டி, அதையொட்டி மேல் வயல், கீழ் வயல் என்று இரண்டு குட்டிப் பாத்திகளும் போடுவாள். பனையோலைத் துண்டுதான் மடைப்பலகை. அதைத் தூக்கினால் தண்ணீர் மேல் வயலிலேயே நின்றுவிடும். ஏன் என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். வாய்க்காலைச் சாய்ப்பாள், வரப்பை மாற்றுவாள்.

"அண்ணே, மேல் வயல அடச்சாத்தான் கீழ் வயலுக்குப் பாயுது! வந்து பாரு!"

"போடி, மண்ணுதின்னி!" என்றேன். நான் நான்காம் வகுப்பு.

அந்த வாரம் அப்பா கேட்டார்: "ஏலே, செல்வியப் பள்ளிக்கூடத்துல சேப்பமா? நீதான் கூட்டிட்டுப் போகணும்."

மூன்று மைல் அவளை இழுத்துக்கொண்டு நடக்க எனக்கு மனமில்லை. "அவளுக்குப் படிப்பு ஏறாதுப்பா. எந்நேரமும் மண்ணுலதான் கெடக்கா."

வீட்டில் எழுத்தறிந்தவன் நான் ஒருவன்தான். அப்பா நம்பினார். செல்வி ஆடு மேய்க்கப் போனாள். அந்த மண்ணில் அவள் படித்துக்கொண்டுதான் இருந்தாள் என்பது, நான் வாத்தியாராகிப் பல வருஷம் கழித்தே எனக்கு விளங்கியது.

இன்று காலை செல்வி வந்தாள். தாலுகா ஆபீஸ் கடிதம் ஒன்றை நீட்டினாள். "படிச்சுச் சொல்லுங்கண்ணே. நம்ம வீட்டுல நீங்கதான படிச்சவுக."

வரி வரியாகப் படித்துக் காட்டினேன். அப்பாவிடம் அன்று நான் சொன்னதை மட்டும் இன்றும் சொல்லவில்லை.