டயருக்கும் குழாய்க்கும் நடுவே நாலு விரல்

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. தப்பைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருக்கவும் வராது. ஃபேக்டரியில் அதற்குத்தான் சம்பளம். வருகிற பாகங்களைச் சோதித்து, சரியில்லாததைத் திருப்பி அனுப்புகிற வேலை. வீட்டில் அதற்குத்தான் சண்டை.

என் வீட்டுக்காரர் மத்திகிரியில் கார் ஷெட் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கூடமாட உதவப் போவேன். போன மாதம் வண்டிக்காரர் முன்னாலேயே, "அந்தக் கிளாம்ப் கோணலா இருக்குதுங்க" என்று சொல்லித் தொலைத்தேன். மூன்று நாள் மனிதர் பேசவில்லை. நாலாம் நாள் பேசியதும் சத்தியம் வாங்கத்தான்.

"இனிமே கஸ்டமர் முன்னாடி நீ வாயே தொறக்கக் கூடாது. எம்மேல ஆணை."

சரி என்று தலையை ஆட்டினேன்.

அந்தச் சத்தியத்தோடு வந்த முதல் வேலை, ஒரு கண் டாக்டரம்மாவின் ஸ்போர்ட்ஸ் கார். எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர், கன்னடம்தான் தாய்மொழி, தமிழும் நன்றாகப் பேசுவார். இரண்டே சீட்டு, எஞ்சின் பின்னால். அதற்கு சூப்பர்சார்ஜர் மாட்ட வேண்டும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற கருவி அது. திணித்தால் காற்று கொதிக்கும். அந்தச் சூட்டை ஆற்றத் தனியாகத் தண்ணீர் ஓட வேண்டும். தண்ணீரைக் குளிர்விக்கிற குட்டி ரேடியேட்டரோ வண்டியின் மூக்கில். ஆகவே போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு ரப்பர் குழாய்கள் பின்னாலிருந்து முன்னால் வரை ஓட வேண்டும். கருவியை மாட்டியது இரண்டு நாள். குழாய்க்கு வழி கண்டுபிடிக்க ஒரு வாரம்.

ஞாயிறு மாலை வருவதாகச் சொன்ன டாக்டரம்மா மதியமே தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கிருஷ்ணகிரியில் இருக்கிற தங்கையிடம் வண்டியைக் காட்ட அவசரம். வண்டி லிஃப்டில் நின்றது. கடைசிக் கிளிப்பை என் வீட்டுக்காரர் மாட்டும்போதுதான் கவனித்தேன். முன் டயருக்கும் குழாய்க்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. ஆனால் வண்டி தூக்கியிருக்கிறது, சக்கரம் தொங்குகிறது. இறக்கினால் சக்கரம் மேலே ஏறும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் இந்த நாலு விரல் என்ன ஆகும்?

"ஏங்க..." என்றேன்.

"ஊரிகே உண்டு" என்றார் அடியிலிருந்து. பேரிகை ஊர்க்காரர், கோபம் வந்தால் தெலுங்கு வந்துவிடும். சும்மா இரு என்று அர்த்தம்.

சும்மா இருந்தேன். ஷெட்டைப் பெருக்கினேன். பெருக்கின இடத்தையே மறுபடியும் பெருக்கினேன். நாக்கு அரித்தது. அவர் வண்டியை இறக்கி, தான் மட்டும் ஏறி, கெலவரப்பள்ளி அணை வரை ஓட்டிவிட்டு வந்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒழுகாது. இவர் இருப்பதே ஐம்பத்தைந்து கிலோ, இவர் உட்கார்ந்து எந்த வண்டி அமுங்கப் போகிறது?

"எல்லாம் ஓகேதானே?" என்றார் டாக்டரம்மா.

என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயைத் திறந்தாயோ தெரியும் சேதி, என்கிற பார்வை என்று எடுத்துக்கொண்டு நான் துடைப்பத்தைப் பார்த்தேன்.

"ஓகேங்க மேடம்" என்று சாவியைக் கொடுத்தார்.

அம்மாவும் மகளும் ஏறினார்கள். இருவருமே நல்ல உடம்பு. வண்டி இறங்கியது தெரிந்தது. சந்து முனையில் முழுசாக ஒடித்துத் திரும்பியது. அதற்குமேல் என்னால் வாயை அடக்க முடியவில்லை.

"ஏங்க, முன் டயர் அந்த ஹோஸ்ல உரசும். ரெண்டு பேர் வெயிட்டுல கண்டிப்பா உரசும். ஓட்டத்துல அது பிச்சிக்கிச்சுன்னா டயருக்கு அடியிலயே தண்ணி, வண்டி வழுக்கிரும்."

அவர் முகம் செத்துவிட்டது. பைக்கை எடுத்தார். பின்னால் உட்கார்ந்து போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். கிருஷ்ணகிரிக்குப் போகிற சூளகிரி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே அவர் ஓட்டிய ஓட்டத்தில் எங்கள் உயிரே எங்களிடம் இல்லை. ஐயோ, இரண்டு பெண்பிள்ளைகளை அனுப்பிவிட்டேனே, வாயைக் கொடுத்த சாமி இன்றைக்குப் பார்த்தா அடைக்க வேண்டும்? ஐந்தாவது தடவை டாக்டரம்மாவின் அம்மா எடுத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது.

"நில்லிசி அம்மா! காடி நில்லிசி!" வண்டியை நிறுத்தச் சொல்லி, தெரிந்த கன்னடத்தில் கத்தினேன்.

சூளகிரிக்கு முன்னால் ஓரங்கட்டியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் படுத்து, சக்கரத்துக்குள் கையை விட்டார். குழாயின் மேல் ரப்பர் தேய்ந்து, உள்ளே இருக்கிற நூல் வெளியே தெரிந்தது. இன்னும் உடையவில்லை. நான் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இதை யாரும் செக் பண்ணலையா?" டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. அதுவே பயமாக இருந்தது.

"நான் பார்த்தேன் மேடம். பார்த்துட்டுச் சொல்லல" என்றேன்.

அவர் எழுந்து கையைத் துடைத்தார். "தப்பு என்னுதுங்க. எனக்கும் அந்த எடத்துல ஒரு டவுட்டு இருந்துச்சு. இவ அவ்ளோ நேரம் அதையே பாத்துக்கினு இருந்தா. ஒண்ணும் சொல்லல. அப்ப சரியாத்தான் இருக்குதுன்னு சாவியக் குடுத்துட்டேன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. டாக்டரம்மா இருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை.

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்குனது யாரு? நீங்கதான?"

"வாங்குனேன்" என்றார். "நீ என்னிக்கு நான் சொன்னதக் கேட்டிருக்க?"