குமாரிக்காவின் வேனுக்கு இரண்டு மூளை

சுரேந்திரன் உட்கார்ந்து தேநீர் குடித்ததை ருவான்வெல்லை பஜாரில் யாரும் பார்த்ததில்லை. ஒரு கையில் பிளேன்டி, மறு கையில் டெஸ்ட் லேம்ப், கண்கள் ஏதாவதொரு வாகனத்தின் வயிற்றுக்குள். பக்கத்து றப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். பஜார் முனையில் தகரக் கூரை போட்ட கராஜ் ஒன்றில் வாகனங்களுக்கு வயரிங் வேலை செய்கிறான். அவனை ஒரு தொழில்காரனாக்கி நிறுத்தியவள் அவனுடைய அக்கா கிருஷ்ணகுமாரி.

கணவன் இறந்த கையோடு குவைத்துக்குப் போனவள் அவள். கைக்குழந்தையாக இருந்த பிரேமலதாவை மாமியாரிடம் விட்டுவிட்டு, அங்கே யாரோ வீட்டுப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தம்பியைக் கேகாலையில் வயரிங் படிக்க வைத்தாள். திரும்பி வந்த நாளில் மகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அந்தப் பொம்பள யாரு?" என்று கேட்டாள். பெற்றவளின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்! இனிமேல் கடல் தாண்டுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தாள் குமாரி. சேர்த்ததையெல்லாம் போட்டு ஒரு புது வேன் வாங்கினாள். தோட்டத்துப் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தினமும் கார்மெண்ட் பெக்டரிக்கு ஓட்டினாள்.

அந்த வேனின் எஞ்சின்தான் ஒரு மழைநாளில் ஏற்றத்தில் இறுகி நின்றது. அதே மாதிரி எஞ்சின் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் புவாட், விபத்தில் நசுங்கிய ஒரு பழைய வேனிலிருந்து எஞ்சினைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தான்.

"திங்கக்கெழம காலையில வேன் பெக்டரி கேட்டுக்குள்ள நிக்கணும்டா. இல்லாட்டி வேற வேன் போட்டுருவாங்களாம்," என்றாள் குமாரி. "குவைத்து ஏஜென்சிக்காரனும் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். பாஸ்போர்ட்டக் குடுத்துட்டேன். சனிக்கெழம கையெழுத்துப் போட கேகாலைக்கு வரச் சொல்றான்."

"எதுக்குக்கா குடுத்த?"

"வேன் ஓடாட்டி புள்ளைக்கு என்னத்தப் போடுறது?"

அன்றிலிருந்து சுரேந்திரனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எஞ்சினைத் தூக்கி வைப்பது பெரிய வேலையல்ல. உடம்பு புதுசு, இதயம் பழசு, இரண்டையும் பேச வைப்பதுதான் வேலை. புது வேனின் கம்பியூட்டர் பெட்டியைக் கழற்றினால் மீட்டர் முள் ஒன்றும் அசையாது. அதை விட்டுவைத்தால், தன் எஞ்சினைக் காணோம் என்று பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் விட மறுக்கும். பழைய எஞ்சினுக்கோ அதற்கே உரிய பெட்டி வேண்டும். கடைசியில் இரண்டு பெட்டிகளையும் வைத்தான். பம்புக்கும் விசிறிக்கும் தனித்தனி ரிலே போட்டான். எந்த வயர் எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, ஈயம் வைத்து ஒட்டினான்.

புவாட் வந்து எட்டிப் பார்த்தான். "என்ன மச்சான் இது, இடியப்பத் தட்டக் கவுத்த மாதிரி ஈக்கி? ஒரு வீட்டுல ரெண்டு மாமியா!"

"ரெண்டு மாமியாளும் ஒருத்தி மொகத்த ஒருத்தி பாக்காம வச்சிருக்கேன். நீ வாய வச்சுக்கிட்டு சும்மா இரு."

வெள்ளிக்கிழமை காலை எஞ்சின் பற்றியது. இருமியது, குலுங்கியது, பிறகு சீராக ஓடியது. குமாரி கராஜ் என்றும் பார்க்காமல் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். உடனே அவனையும் ஏற்றிக்கொண்டு வேனைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு ஓட்டிப்போனாள். எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி முடிந்ததும் பொனட்டைத் திறந்து, வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீரைச் செம்போடு எஞ்சின் மேல் ஊற்றினாள். வேன் வாங்கிய நாளிலிருந்து வருடா வருடம் அவள் செய்வதுதான். லயத்துச் சனமெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றது.

சாவியைத் திருப்பினாள். எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. மீண்டும் திருப்பினாள். பற்றவேயில்லை.

குமாரி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தாள். "ஆத்தா சொல்லிட்டாடா," என்றாள். "அவ வாசல்லயே நிப்பாட்டிட்டா. என்னைக் குவைத்துக்கே போகச் சொல்றா."

ஆட்கள் தள்ளி வேனைக் கராஜுக்குக் கொண்டுவந்தார்கள். தன் ஒட்டு ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று சுரேந்திரன் உறுதியாக நம்பினான். சனிக்கிழமை விடிந்ததும் சுற்றிய டேப்பையெல்லாம் உரித்தான். ஒவ்வொரு ஒட்டும் சரியாக இருந்தது. சாவியை அடையாளம் தெரியாமல் புதுப் பெட்டிதான் பூட்டிக்கொண்டதோ என்று அதைக் கழற்றிப் பார்த்து மாட்டினான். அதுவும் இல்லை. அந்த நேரம் குமாரி கேகாலை பஸ்ஸுக்காகக் கராஜைத் தாண்டிப் போனாள். தம்பியின் பக்கம் திரும்பவில்லை.

பஸ் போய்ச் சற்று நேரத்தில் புவாட் வந்தான்.

"எஞ்சினுக்கு என்ன, மஞ்சக்காமாலையா மச்சான்?"

"என்னது?"

"மேல கீழ எல்லாம் மஞ்சளா ஈக்கே."

சுரேந்திரன் அப்போதுதான் பார்த்தான். பிறந்ததிலிருந்து எல்லா வண்டியிலும் பார்த்த மஞ்சள். அதை ஒரு கறையாக அவன் கண் எடுத்துக்கொண்டதே இல்லை. அந்தக் கறை எஞ்சின் மேலிருந்து வழிந்து, சுழற்சியைப் பெட்டிக்குச் சொல்லும் சென்சரின் சொக்கெட்டுக்குள் போய் முடிந்திருந்தது. பிடுங்கினான். உள்ளே மஞ்சள் தண்ணீர், ஒரு வேப்பிலைத் துணுக்கு. துடைத்து, ஊதி, கிரீஸ் வைத்து, டியூப் துண்டால் இறுக்கிக் கட்டினான். சாவியைத் திருப்பினான். பற்றியது.

"பொனட்ட மூடு!" என்று கத்திக்கொண்டே ஏறினான்.

வண்டிகளுக்கு உயிர் கொடுக்கத் தெரிந்தவனுக்கு ஓட்டத்தான் சரியாக வராது. வளைவுகளில் ஹோர்னை அழுத்தியபடியே பறந்து, பஸ்ஸைத் தாண்டிக் குறுக்கே நிறுத்தினான். கொண்டக்டர் குதித்து இறங்கி, "மொகத மல்லி, பிஸ்ஸுத?" என்று கத்தினான். என்ன தம்பி, பைத்தியமா என்று கேட்டவனிடம், அக்கா உள்ளே இருக்கிறாள் என்று சிங்களத்திலேயே கெஞ்சினான் சுரேந்திரன்.

குமாரி படியில் வந்து நின்றாள். "ஊரே பாக்குதுடா."

"ஓடுதுக்கா. எறங்கு."

"நேத்தும்தான் ஓடுச்சு. அவளே போன்னு சொல்லிட்டா."

"ஆத்தா ஒண்ணும் சொல்லல. நீ ஊத்துன தண்ணி சென்சருக்குள்ள போயிருச்சு."

"வருசா வருசம் ஊத்துறேனே!"

"அது புது எஞ்சின், கம்பெனிக்காரன் எல்லாத்தையும் இறுக்கி மூடியிருந்தான். இது பழசு. உள்ள றப்பர் வாசர் எல்லாம் செத்துப்போச்சு."

"அப்ப எங் கையாலயேவா..." அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். "அக்கா, நீங்க போறதா இருந்தா போங்க, இல்லாட்டி எங்களையாச்சும் போக விடுங்க!"

குமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். சுரேந்திரன் வேனில் ஏறி ஓரங்கட்ட, பஸ் உறுமிக்கொண்டு போனது.

"இனிமே வழியில நிக்காதுன்னு சொல்லு, நான் வர்றேன்."

ஒரு பொய் சொன்னால் போதும். சுரேந்திரனால் முடியவில்லை. "நிக்கும்க்கா. புது ஒடம்பு, பழைய எஞ்சின். எப்பவாச்சும் ஒரு நாள் நிக்கும். நின்னா போன் பண்ணு, நான் ஓடி வந்துருவேன். குவைத்துல ஒனக்கு ஒண்ணுன்னா நான் எப்புடிக்கா வர்றது?"

குமாரி அவனை ஓட்டுநர் இருக்கையிலிருந்து தள்ளினாள். "தள்ளு. ஒங் கையில குடுத்தா ரெண்டு பேருமே போய்ச் சேருவோம். பாஸ்போர்ட்டு அங்க கெடக்குது."

கேகாலையில் ஏஜென்சிக்கு எதிரே வேனை நிறுத்தியவளுக்கு எஞ்சினை அணைக்கத் துணிவு வரவில்லை. ஓட விட்டபடியே மாடிப்படி ஏறினாள். கீழே சுரேந்திரன் வேனைச் சுற்றிச் சுற்றி நடந்தான். குனிந்து பார்த்தான், முகர்ந்து பார்த்தான், மாடியை அண்ணாந்து பார்த்தான். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பேசி மனதை மாற்றிவிட்டார்களோ?

குமாரி பாஸ்போர்ட்டோடு இறங்கி வந்தாள். "திங்கக்கெழம எனக்கு வேல இருக்குன்னு சொல்லிட்டேன்," என்றாள். ஏறி உட்கார்ந்து, சாவியில் கை வைத்தாள்.

"அணைச்சுட்டுத் திருப்பிப் பாக்கட்டுமாடா?"

"பாருக்கா."

எஞ்சின் அடங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி திருப்பினாள். பற்றியது.