பள்ளிவாசல் கஞ்சியும் மூக்குக் குழாயும்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ரமலான் மாதம். நெல்லித்தோப்பில் தையல் கடை வைத்திருந்த என் கணவர், குடலில் ஓட்டை விழுந்து, ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். வாரக்கணக்கில் வாயில் ஒரு பருக்கை போகவில்லை. உடம்பில் ஏறியதெல்லாம் சலைன்தான். ஊசி கோர்த்த விரல்கள் ஈர்க்குச்சியாக இளைத்துவிட்டன.

ஒருவழியாக டாக்டர் மூக்கில் குழாய் போட்டு, "வடிச்ச கஞ்சித்தண்ணி, வேளைக்கு ஒரு சின்ன டம்ளர். அதுக்கு மேல கூடாது" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் மாமியாருக்குக் கோபம் தாங்கவில்லை.

"பச்சப்புள்ளைக்கே இது பத்தாதே! ஒரு பகல் பட்டினிக்கே நாம எவ்ளோ குடிக்கிறோம்? இவன் எத்தினி நாளா கெடக்குறான்!"

"டாக்டர் சொன்னா காரணம் இருக்கும் மாமி."

"அவரா பெத்தாரு?"

 நான் சின்ன டம்ளரால் அளந்து குழாயில் ஊற்றினேன்.

சாயங்காலம் நோன்பு திறக்க நான் வீட்டுக்குப் போவேன். அந்த நேரத்துக்கு மாமியார் காவல். வரும் வழியில் பள்ளிவாசலில் ஊற்றும் நோன்புக் கஞ்சியைத் தூக்கில் வாங்கிவந்து, மல்துணியில் வடிகட்டி, தூக்கு காலியாகும்வரை மகனுக்குக் குழாயில் ஊற்றியிருக்கிறார். ஊரிலுள்ள நோன்பாளிகளுக்கெல்லாம் தெம்பு தருகிற கஞ்சி, தன் மகனை மட்டும் கைவிட்டுவிடுமா என்று நினைத்திருக்கிறார்.

இரண்டொரு நாளில் என் கணவரால் கையைத் தூக்க முடியவில்லை. மூச்சு மேலோட்டமாக வாங்கியது. நாடி பிடித்துப் பார்த்த நர்ஸ் முகம் மாறி ஓடினார். டாக்டர் வந்ததும் மாமியார் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். டாக்டர் கத்தவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

"நோன்பு வேற, இது வேறம்மா. இத்தனை நாள் பட்டினியில உடம்போட உப்புச்சத்து கரைஞ்சு போயிருக்கு. திடீர்னு சாப்பாடு வந்தா, ரத்தத்துல மிச்சம் இருக்கறதையும் உடம்பு உள்ள இழுத்துக்கும். இதயம் தடுமாறிடும்."

சோறு ஆளைக் கொல்லுமா? ரத்தம் எடுத்தார்கள், உப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் பிறகு அடுத்தது வருமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். மாமியாரை நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று திரும்பினால், அவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். திட்ட மனம் வரவில்லை.

மெல்ல மெல்ல நாடி ஒழுங்குக்கு வந்தது. குழாயையும் எடுத்தார்கள். பெருநாளுக்கு முந்தின சாயங்காலம் என் கணவர் கண்ணைத் திறந்து, "பசிக்குதும்மா" என்றார்.

எத்தனை நாள் ஏங்கிய வார்த்தை! கேட்டதும் எனக்கு டாக்டர் சொன்ன அளவுதான் ஞாபகம் வந்தது. மாமியார் கஞ்சித்தண்ணிக் கிண்ணத்தை எடுத்தார். எடுத்த வேகத்திலேயே என்னிடம் நீட்டினார்.

"நீயே குடும்மா. என் கையால வேணாம்."

நான் வாங்கவில்லை. கரண்டியை அவர் கையில் வைத்து, "அரைக் கரண்டி போதும் மாமி" என்றேன்.

அவர் ஊட்டினார். மகன் விழுங்கினார். நாங்கள் இரண்டு பேரும் அந்த நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.