கிணற்று மேட்டில் நான் போட்ட சத்தம்

பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த என் மகன், மறுபடியும் ஆபத்தான வேலையாகத் தீயணைப்பு மீட்புப் பணியில் சேர்ந்தது எனக்குப் பிடிக்கவில்லை. இன்னும் எத்தனை நாள் நான் பயந்துகொண்டிருப்பது?

சேர்ந்த பதினோராம் நாள் விடுப்பில் இருந்தான். வெண்ணந்தூர் பக்கம் எங்கள் கிணற்றைத் தூர்வாரத் தண்ணீர் இறைக்க, ஆயில் என்ஜினை நான்தான் உள்ளே இறக்கி ஓட்டச் சொன்னேன். டீசல் தீர்ந்து என்ஜின் நின்றபோது, தூர்வார இறங்கிய கூலியாள் பழனிச்சாமி அடியில் மயங்கிக் கிடந்தார்.

ஓடிவந்த மகன் இறங்கவில்லை. வேப்பங்கிளைகளைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் விட்டு, ஏற்றி இறக்கினான். இதென்ன வேடிக்கை?

"பட்டாளத்துல இதத்தான் கத்துக்கிட்டயா? எறங்குடா!" என்று கத்தினேன்.

"உள்ள புகை நிக்குதுங்கப்பா. காத்து மாறட்டும். இப்பப் போனா என்னையும் சேத்துத் தூக்கோணும்."

நாற்பது முறை. எண்ணினேன். பிறகுதான் இடுப்பில் கயிறு கட்டி இறங்கினான். இருவரையும் ஆறு பேர் இழுத்தோம். மேலே வந்ததும் பழனிச்சாமி இருமினார்.

அவர் மனைவி அழுதுகொண்டே என் மகனிடம், "அடுத்த தடவ அந்த என்ஜினோட உங்கய்யனை எறக்கி உடு சாமி" என்றாள்.

அவன் வேலைக்குக் கிளம்பும்போது இப்போதும் பயம்தான். அன்று என் பேச்சைக் கேட்டு உடனே இறங்கியிருந்தால் என்று நினைத்தால் வருகிற பயம், அதைவிடப் பெரிது.